வீடுடைத்தவனுக்காக மன்னருக்குப் போன பெத்திசம்: தேடிப் பிடித்து வாசிக்கும் வழி

கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணி ஐயாவின் அறையில் தட்டச்சு செய்துதான் என் தலை நரைத்தது. காணி வழக்கு, தாபரிப்பு வழக்கு, பிணை விண்ணப்பம் எல்லாம் அடித்திருக்கிறேன். என்றாலும் கை அதிகம் பழகியது பெத்திசத்துக்குத்தான். சிறைச்சாலை ஆணையாளருக்கு, நீதி அமைச்சருக்கு, ஜனாதிபதிக்கு என்று போகும் கருணை மனுக்கள். மகன் மறியலில் (சிறையில்), புருஷன் மறியலில் என்று வந்து நிற்கும் பெண்கள் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். ஐயா பிறகு பாதியை வெட்டுவார்.

ஓய்வு பெற்ற பிறகு, இருநூறு வருடத்துக்கு முந்திய ஆங்கிலேயப் பெத்திசங்களைக் கொட்டாஞ்சேனையில் இருந்தபடியே தேடலாம் என்று மருமகன் காட்டித் தந்தான். அன்று தொடங்கியது, இரவுச் சாப்பாடு முடிந்தால் எனக்கு அதுதான் வேலை. 1714 முதல் 1830 வரை இங்கிலாந்தை ஆண்டவர்கள் நான்கு ஜோர்ஜ் மன்னர்கள். அவர்கள் காலத்தில் இரவில் வீடுடைத்துப் பிடிபட்டவனுக்கு விதித்த தண்டனை தூக்கு. அவனைக் காப்பாற்றத் தாயும் மனைவியும் எசமானும், சில வேளை களவு கொடுத்தவரே கூட, மன்னருக்கு எழுதினார்கள்.

ஏன் வீடுடைத்தவர்கள் மட்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். 1752ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிறகு கொலைகாரனைத் தீர்ப்பு வந்து இரண்டு நாளில் தூக்கிலிட்டுவிடுவார்கள்; மனு எழுத நேரம் ஏது? கள்ளக் கையொப்பம் வைத்தவர்களுக்குப் பெரிய மனிதர்கள் பேனா பிடித்தார்கள். வீடுடைத்தவனுக்கு நின்றவர்கள்தான் நம்மைப் போன்ற சனம். சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்கும், பழைய கடதாசி என்றால் பசி மறக்கிறவர்களுக்கும் நான் தேடும் முறையை எழுதி வைக்கிறேன்.

முதலில் குற்றத்தைச் சரியாகப் பிடியுங்கள்

இது தெரியாமல் தேடப் போனால் பாதி மனு விளங்காது. இரவு நேரம், இன்னொருவர் குடியிருக்கும் வீடு, அதை உடைத்தல், உள்ளே நுழைதல், உள்ளே பாரிய குற்றம் ஒன்று செய்யும் எண்ணம். இவ்வளவும் சேர்ந்தால்தான் ஆங்கிலச் சட்டத்தில் அது பேர்க்லரி (burglary). பகலில் செய்தால் சாதாரண வீடுடைப்பு, வேறு குற்றம். எது இரவு? ஒருவன் முகத்தைப் பகல் வெளிச்சத்தின் மிச்சத்தில் அடையாளம் காண முடியாவிட்டால் இரவு. நிலா வெளிச்சம் கணக்கில் வராது. மணிக்கணக்கு வந்தது 1837இல்தான்: இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை. நம் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை இந்தத் தொல்லையே இல்லாமல், சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரை என்று முடித்துவிட்டது.

உடைத்தல் என்பதும் வேடிக்கையான விஷயம். பூட்டை நொறுக்க வேண்டியதில்லை. தாழ்ப்பாளைத் தூக்கினாலே உடைப்பு. திறந்து கிடந்த ஜன்னலால் ஏறிப் போனால் உடைப்பில்லை. ஆனால் புகைபோக்கியால் இறங்கினால் உடைப்பு. புகைபோக்கியை அதற்கு மேல் எப்படி மூடுவது, வீட்டுக்காரர் தன்னால் முடிந்தளவு மூடித்தானே வைத்திருக்கிறார் என்பது சட்டம் சொன்ன நியாயம். ஐயா உயிரோடு இருந்தால் இதை வைத்து ஒரு மணித்தியாலம் வாதாடியிருப்பார்.

இந்த நுணுக்கங்கள் உயிரைக் காத்தன. வீட்டுக்குள் நாற்பது சிலிங் பெறுமதியான பொருளைத் திருடினாலே, உடைப்பு இல்லாவிட்டாலும் தூக்குத்தான் (1713இல் வந்த சட்டம் அது, 1827இல்தான் தொகையை ஐந்து பவுணாக்கினார்கள்). ஆகவே ஜூரிமார் என்ன செய்தார்கள் என்றால், 'இரவில் உடைத்தது நிரூபணமாகவில்லை, முப்பத்தொன்பது சிலிங் பொருளைத் திருடியது மட்டும் நிரூபணம்' என்று தீர்ப்புச் சொன்னார்கள். வெள்ளிக் கரண்டிகளும் பைக்கடிகாரமும் போன வழக்கில்கூட முப்பத்தொன்பது சிலிங்! பழைய வழக்கு விவரத்தில் இந்தத் தொகையைக் கண்டால் ஜூரி இரக்கம் காட்டியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வழக்குக்கு மரணதண்டனை மனுவைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இன்னொன்றும் மனதில் இருக்க வேண்டும். அன்று வழக்குத் தொடுத்தவர் அரசாங்கம் அல்ல, களவு கொடுத்தவரே. சாட்சிகளைக் கூட்டிவருவதும் செலவும் அவர் தலையில். குற்றஞ்சாட்டப்பட்டவருக்குச் சட்டத்தரணி இருந்தாலும், அவர் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாமே தவிர ஜூரியைப் பார்த்து வாதாட முடியாது. அந்த உரிமை 1836இல்தான் வந்தது. எதிரி, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர், தன் கட்சிக்காகச் சத்தியம் செய்து சாட்சி சொல்ல 1898 வரை வழியில்லை. குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றமோ 1907இல்தான். வழக்குகளோ சில நிமிடங்களில் முடியும். அதனால் ஒரு கள்ளனின் கதையை ஆற அமர ஒருவர் சொன்ன முதல் இடம் பெரும்பாலும் இந்தப் பெத்திசம்தான். மேன்முறையீடு, குணநலச் சான்று, ஒப்பாரி மூன்றையும் அது ஒன்றே சுமந்தது.

கருணை போன பாதை இரண்டு

லண்டன் வழக்கு என்றால் ஒரு பாதை, வெளியூர் வழக்கு என்றால் வேறு பாதை. எங்கே தேடுவது என்பதே இதில்தான் தங்கியிருக்கிறது.

லண்டனையும் மிடில்செக்ஸையும் சேர்ந்த வழக்குகள் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் நடந்தன. வருடத்துக்கு எட்டு அமர்வு. ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும் லண்டன் ரெக்கோடர் என்ற நீதிபதி, மரணதண்டனை பெற்றவர்களின் பட்டியலோடு மன்னரிடமும் அமைச்சர்களிடமும் போவார். ஒவ்வொரு பெயராக எடுத்து, இவன் தொங்கட்டும், இவன் பிழைக்கட்டும் என்று அங்கே தீர்மானிப்பார்கள். தீர்ப்புக்கும் இந்த அறிக்கைக்கும் இடையில் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் இழுபடும். நியூகேட் மறியலில் இருந்தவனின் வீட்டார் மனு எழுத ஓடித் திரிந்தது அந்த இடைவெளியில். விக்டோரியா சிம்மாசனம் ஏறிய 1837இல் இந்த முறை நின்றது.

வெளியூரில் நீதிபதிகள் ஊர் ஊராகப் போய்ச் சுற்று நீதிமன்றம் நடத்தினார்கள். வழக்கு முடிந்து அந்த ஊரை விட்டுப் போகும் முன், யாரைக் காப்பாற்றலாம் என்று நீதிபதி தானே முடிவெடுத்துத் தண்டனையை நிறுத்தி வைப்பார். பிறகு அந்தப் பெயர்களை மன்னருக்குப் பரிந்துரைத்துக் கடிதம் அனுப்புவார். அப்படித் தப்பியவனுக்கு மனுவே தேவைப்படவில்லை. நீதிபதி கைவிட்டுப் போனவனின் வீட்டாருக்குத்தான் ஓட்டம். நாட்கள் குறைவு, தபால் வண்டி மெதுவு.

1782இல் உள்நாட்டு அலுவலகம் என்ற ஹோம் ஒஃபிஸ் உருவானது. மனு மன்னர் பெயருக்கு எழுதப்பட்டாலும் உள்நாட்டுச் செயலாளரின் மேசைக்குத்தான் போகும். அவர் அதை வழக்கைக் கேட்ட நீதிபதிக்கு அனுப்பி, உங்கள் அபிப்பிராயம் என்ன என்று கேட்பார். நீதிபதி தன் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டிச் சாட்சியங்களைப் பிரதி எடுத்து, கடைசியில் தன் கருத்தையும் எழுதி அனுப்புவார். இதை முதன்முதலில் வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரையை எடுத்துப் பாருங்கள். மரணதண்டனைக் கைதி விஷயத்தில் ஜனாதிபதி வழக்கைக் கேட்ட நீதிபதியிடம் அறிக்கை கேட்க வேண்டும். அது சட்டமா அதிபரிடம் போய், நீதி அமைச்சர் வழியாகத் திரும்பி வர வேண்டும். 1976இற்குப் பிறகு இங்கே யாரையும் தூக்கிலிடவில்லை, ஆனால் கடதாசி நடக்கும் வழி அப்படியே இருக்கிறது.

இனித் தேடல்

லண்டன் வழக்கு என்றால் ஓல்ட் பெய்லி ஒன்லைன் என்ற தளத்தில் தொடங்குங்கள். இலவசம். 1674 முதல் 1913 வரையான வழக்கு விவரங்கள் அச்சான வடிவத்திலேயே உண்டு. குற்ற வகையில் பேர்க்லரி என்று தெரிவு செய்து, தண்டனையில் மரணம் என்று கொடுத்து, ஒரு பத்து வருடத்துக்குள் சுருக்குங்கள். கிடைக்கும் பக்கத்தில் முதலில் கடைசி வரியைப் பாருங்கள். பிற்கால வழக்குகளில் வயதும் இருக்கும், 'ஜூரி கருணைக்குப் பரிந்துரைத்தது' அல்லது 'வழக்குத் தொடுத்தவர் கருணைக்குப் பரிந்துரைத்தார்' என்ற குறிப்பும் இருக்கும். அப்படி ஒரு குறிப்பு இருந்தால் மனுவும் இருக்க நல்ல வாய்ப்பு. வழக்கு எந்த ஜூரி முன், எந்த நீதிபதி முன் நடந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். எதிரி என்ன சொன்னான் என்று தேடினால் பல இடங்களில் ஒரே வரிதான்: 'என் சட்டத்தரணியிடம் விடுகிறேன்.' அந்தச் சட்டத்தரணிக்கோ வாய்ப்பூட்டு.

அப்புறம் லண்டன் கியூவில் உள்ள பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியல். பட்டியலைப் பார்க்கக் காசு வேண்டாம். எண்களை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். எச்.ஓ. (ஹோம் ஒஃபிஸ் என்பதன் சுருக்கம்) 47 என்பது நீதிபதிகளின் அறிக்கைகள், 1784 முதல் 1830 வரை. எச்.ஓ. 17 என்பது மனுக்கள், 1819 முதல் 1839 வரை. எச்.ஓ. 19 மனுக்களின் பதிவேடு, 1797இலிருந்து. எச்.ஓ. 13இல் மன்னிப்பு ஆணைகளின் பிரதி. ஹோம் ஒஃபிஸ் பிறக்கும் முன்னர் உள்ளவை எஸ்.பி. என்று தொடங்கும் அரச ஆவணங்களுக்குள் சிதறிக் கிடக்கும்: முதலாம் ஜோர்ஜுக்கு எஸ்.பி. 35, இரண்டாமவருக்கு 36, மூன்றாமவரின் முதற்பகுதிக்கு 37. புதிதாகத் தொடங்குகிறவர் இந்த எஸ்.பி. பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

எச்.ஓ. 47க்குள் மட்டும் தேடும்படி அமைத்து பேர்க்லரி என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். ஊர்ப் பெயரும் சேர்த்தால் நல்லது. இந்தத் தொடரையும் எச்.ஓ. 17ஐயும் தன்னார்வலர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு மனுவாக வாசித்துச் சுருக்கம் எழுதியிருக்கிறார்கள். புண்ணியவான்கள். ஒரு பதிவைத் திறந்தால் வரிசையாக இவை வரும்: அறிக்கை எழுதிய நீதிபதி யார், தனி மனு எத்தனை, யார் கொடுத்தது, கூட்டு மனு எத்தனை, எத்தனை பேர் கையெழுத்து, கைதியின் பெயர், நீதிமன்றம், குற்றம், சாட்சி சொன்னவர்கள், கருணை கேட்ட காரணங்கள், முதலில் விதித்த தண்டனை, நீதிபதியின் பரிந்துரை. படத்தைப் பார்க்காமலே ஒரு குடும்பத்தின் நிலைமை அதில் தெரிந்துவிடும். மூலப் பக்கங்களின் படங்கள் ஃபைண்ட்மைபாஸ்ட் போன்ற, கட்டணம் அறவிடும் வம்சாவளித் தளங்களில் உண்டு. ஒரு மாதச் சந்தா எடுப்பதென்றால், முதலில் இலவசப் பட்டியலில் வேண்டிய எண்களை எல்லாம் சேர்த்துவிட்டு எடுங்கள்.

வெளியூர் வழக்குக்கு எச்.ஓ. 47 தங்கச் சுரங்கம். ஓல்ட் பெய்லிபோல வெளியூர் நீதிமன்றச் சாட்சியத்தை யாரும் ஒழுங்காக அச்சிடவில்லை. அதனால் நீதிபதி தன் அறிக்கையில் பிரதி எடுத்த குறிப்புத்தான் பல வழக்குகளில் அந்தச் சாட்சியத்துக்கு எஞ்சிய ஒரே தடம். மனு எழுதப்பட்டிருக்காவிட்டால் அதுவும் இல்லை.

வாசிக்கும்போது

ஆங்கிலக் கையெழுத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். குமாஸ்தா எழுத்துத் தெளிவாகத்தான் இருக்கும். இரட்டை எஸ் வரும் சொல்லில் முதல் எஸ் நீண்டு ஓர் எஃப் மாதிரித் தெரியும், அவ்வளவுதான். தொடக்கமும் முடிவும் வாய்ப்பாடு: மன்னருக்கு மகா உன்னத மாட்சிமை என்று விளித்து, 'இன்னாரின் தாழ்மையான மனு காட்டுவதாவது' என்று ஆரம்பித்து, 'மனுதாரர் கடமைப்பட்டவராய் என்றென்றும் பிரார்த்திப்பார்' என்று முடியும். இரண்டையும் தாண்டிக் குதித்துவிடுங்கள். மனுதாரர் தன்னையே படர்க்கையில் சொல்வார். எழுதியது அவராக இருக்க வேண்டும் என்பதில்லை. சட்டத்தரணி, பாதிரியார், மறியலில் எழுதத் தெரிந்த இன்னொரு கைதி, யாராகவும் இருக்கலாம். கீழே பெயருக்குப் பக்கத்தில் சிலுவைக் குறி இருந்தால் ஆளுக்கு எழுத வராது, யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

நடுவில் வரும் காரணங்கள் சில வகைதான். வயது குறைவு. முதல் தடவை. இதுவரை நேர்மையாக உழைத்தவன். கூடாத சகவாசம். வேலை இல்லாத காலம், பிள்ளைகள் பட்டினி. வயதான தாய்க்கு வேறு நாதியில்லை. மனைவி மறுபடி கர்ப்பம். தலையில் அடிபட்டதிலிருந்து புத்தி சரியில்லை. இவை எல்லாம் நானும் அடித்த வரிகள்தான். ஆகவே காரணத்தில் மயங்காமல் நேரே அடிக்குப் போய் யார் கையெழுத்து வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இதை எனக்குச் சொல்லித் தந்தது ஜோர்ஜ் காலத்துப் பெத்திசம் அல்ல. பேக்கரி ஒன்றில் வேலை செய்த பெடியன் வீடுடைத்து மறியலுக்குப் போய்விட்டான் என்று ஒரு தாய் வந்தார். "எம்புள்ள ஒரு பாவமும் அறியாதவன்னு எழுதுங்க தங்கச்சி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் உருகி ஒரு பக்கம் அடித்தேன். ஐயா யாழ்ப்பாணத்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "அம்மா, அறியாதவனோ அறிஞ்சவனோ எண்டது நீதிமன்றம் கேட்டு முடிஞ்சுது. நாளைக்கு வெளியில விட்டால் அவனை வேலைக்கு எடுக்க ஆர் இருக்கினம்? அவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ." மறுநாள் பேக்கரி முதலாளி வந்தார், மாவு படிந்த சட்டையோடு. மனு அரைப் பக்கமாகச் சுருங்கியது.

ஜோர்ஜ் காலத்து உள்நாட்டுச் செயலாளரும் அதைத்தான் பார்த்தார். எல்லாக் கையெழுத்திலும் கனமானது வழக்குத் தொடுத்தவருடையது. தன் வீட்டை உடைத்தவனுக்கு, தன் செலவில் குற்றத்தை நிரூபித்த பிறகு, அவரே உயிர்ப்பிச்சை கேட்டால் அதை மேசையில் தள்ளி வைப்பது கஷ்டம். அடுத்தது ஜூரிமார். பிறகு முன்னாள் எசமான், குறிப்பாகத் திரும்ப வேலை தருவேன் என்று எழுதுகிறவர். கோயிற்பற்றின் (தேவாலயத்தைச் சேர்ந்த ஊர்ப்பிரிவின்) ஏழை நிவாரண அதிகாரிகள் கையெழுத்து வைத்திருந்தால் அதில் தருமத்தோடு கணக்கும் உண்டு. உழைப்பவன் செத்தால் அவன் மனைவி பிள்ளைகளுக்குச் சோறு போடுவது கோயிற்பற்று வரிப்பணம். அதை மனுவிலேயே வெளிப்படையாக எழுதியும் விடுவார்கள்.

கையெழுத்தின் எண்ணிக்கை மட்டும் பெரிதாக வேலை செய்யவில்லை. கள்ளக் கையொப்ப வழக்கில் மாட்டிய டொக்டர் வில்லியம் டொட் என்ற பாதிரியாருக்காக 1777இல் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்து வைத்தார்கள். எழுத்தாளர் சாமுவேல் ஜோன்சன் போன்ற பேனா அவருக்காக எழுதிக் கொடுத்தது. அந்த ஜூன் மாதமே அவரைத் தூக்கிலிட்டார்கள். ஊர் பேர் தெரியாத வீடுடைப்புக்காரன் ஒருவனோ, தகுந்த ஐந்தாறு கையெழுத்தோடு பிழைத்துக்கொள்ள முடிந்தது.

இன்னொரு வகை மனுவும் வரும். சாட்சி பொய் என்று சொல்பவை. இவற்றைச் சும்மா புலம்பல் என்று தள்ளாதீர்கள். வீடுடைத்தவனைக் குற்றவாளியாக்கிக் கொடுத்தால் அரசு நாற்பது பவுண் சன்மானம் கொடுத்தது. 1818இல்தான் அதை நிறுத்தினார்கள். அந்தக் காசுக்காக ஆள் பிடிக்கும் கூட்டமே இருந்தது. 1816இல் லண்டன் போ ஸ்ட்ரீட் நீதவான் அலுவலகத்தின் ரோந்துக்காரன் ஜோர்ஜ் வோன், பெடியன்களைத் தூண்டிவிட்டு வீடுடைக்க வைத்து, பிறகு தானே பிடித்துக் கொடுத்தான் என்று அம்பலமாகித் தண்டனை பெற்றான். கூட்டாளியே அரச சாட்சியாக மாறிய வழக்குகளும் ஏராளம். ஆகையால் 1818இற்கு முந்திய மனுவில் 'சன்மானத்துக்கு ஆசைப்பட்ட சாட்சி' என்று கண்டால் நீதிபதியின் அறிக்கையில் அந்தச் சாட்சியின் பெயரைத் தேடிப் பாருங்கள். வேறு வழக்குகளிலும் அதே ஆள் சாட்சி சொல்லியிருக்கிறானா என்று ஓல்ட் பெய்லித் தளத்தில் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். இந்த விளையாட்டில் எனக்கு விடிய ஒரு மணி ஆனதும் உண்டு.

மனுவை வாசித்த கையோடு நீதிபதியின் அறிக்கையையும் வாசிக்க வேண்டும். தனியே மனுவை நம்பினால் எல்லாக் கள்ளனும் தங்கமானவன். நீதிபதி சொல்வார்: கையில் இரும்புக் கம்பி இருந்தது, வீட்டுக்காரரின் கிழத் தாயைக் கட்டிப் போட்டார்கள், நற்சான்று சொல்ல நீதிமன்றத்துக்கு ஒருவரும் வரவில்லை. தனியே நீதிபதியை நம்பினாலும் பிழை. சில நீதிபதிகள், அந்த மாவட்டத்தில் வீடுடைப்புக் கூடிவிட்டது, உதாரணத்துக்கு ஒருவராவது தொங்க வேண்டும் என்று எழுதுவார்கள். அங்கே ஆளின் குற்றத்தைவிட ஊரின் பயம்தான் பேசுகிறது.

முடிவு மனுவின் மடிப்புப் பக்கத்தில் இருக்கும். கடதாசியை மடித்து, வெளிப்புறத்தில் குமாஸ்தா பெயர், ஊர், குற்றம், திகதி குறிப்பார். அதன் கீழ் தீர்மானம். 'சட்டம் தன் வழியே செல்லட்டும்' என்றால் தூக்கு. படங்களைப் புரட்டும்போது இந்தக் கடைசிப் பக்கத்தை வெறும் உறை என்று தவறவிட்டுவிட வேண்டாம்.

மனு இல்லாமலும் கருணை வரும்

ஹென்றி கேபிள் கதையைச் சொல்லாமல் விட மனமில்லை. நோர்போக் மாவட்டத்தில் ஒரு வீட்டை உடைத்ததற்காக 1783இல் தெட்போர்டில் மூன்று பேருக்கு மரணதண்டனை: இளைஞன் ஹென்றி, அவன் தகப்பன், ஏப்ரகாம் கார்மன் என்ற கூட்டாளி. தகப்பனும் கார்மனும் தொங்கினார்கள். மகனுக்குப் பதினான்கு வருட நாடுகடத்தல். ஒரே வீடு, ஒரே இரவு, இரண்டு வித முடிவு. முன்பு கைதிகளை அனுப்பி வந்த அமெரிக்கா கைவிட்டுப் போயிருந்த காலம், அனுப்ப இடமில்லாமல் நோர்விச் கோட்டை மறியலிலேயே கிடந்தான். அங்கே சுசன்னா ஹோம்ஸ் என்ற பெண். அவளும் களவுக்கு மரணதண்டனை பெற்றுத் தப்பியவள். இருவருக்கும் மறியலிலேயே ஆண் குழந்தை பிறந்தது.

1786இல் சுசன்னாவைக் கப்பலேற்ற பிளிமவுத்துக்குக் கொண்டுபோனார்கள். கூடப் போனவர் மறியற் காவலாளி ஜோன் சிம்சன். கப்பல் தலைவன் தாயை ஏற்றினான், குழந்தைக்கு உத்தரவில்லை என்று மறுத்துவிட்டான். சிம்சன் பால்குடிக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வண்டியேறி லண்டனுக்குப் போனார். உள்நாட்டுச் செயலாளர் சிட்னி பிரபுவின் வீட்டில் காத்திருந்து, அவரை மறித்து, விஷயத்தைச் சொன்னார். குழந்தையைத் தாயிடம் சேர்க்கவும், ஹென்றியையும் அதே குடும்பமாக அனுப்பவும் ஆணை கிடைத்தது. மூவரும் 1788 ஜனவரியில் அவுஸ்திரேலியாவில் இறங்கினார்கள், அடுத்த மாதம் கல்யாணம். நல்ல மனிதர்கள் காசு சேர்த்து வாங்கிக் கொடுத்த சாமான்கள் கப்பலில் காணாமற் போக, கேபிள் தம்பதி அவற்றை ஏற்றி வந்த கப்பலின் தலைவன் மீது வழக்குப் போட்டு வென்றார்கள். அந்தக் குடியேற்றத்தின் முதல் சிவில் வழக்கு அது, வாதிகள் இரண்டு கைதிகள்!

தேடுகிறவருக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. ஹென்றி தப்பியதற்கு எச்.ஓ. 47இல் அறிக்கை தேடினால் கிடைக்காது; அந்தத் தொடர் தொடங்குவதே 1784இல். மனுத் தொடரில் பெயர் இல்லை என்பதால் கருணை இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். நீதிபதி தானே நிறுத்தி வைத்திருக்கலாம், அல்லது சிம்சனைப் போல ஒருவர் வாசலில் போய் நின்றிருக்கலாம். அப்படியானவர்களைப் பிடிக்க மன்னிப்பு ஆணைகள் உள்ள எச்.ஓ. 13ஐயும் அந்தக் காலப் பத்திரிகைகளையும் பார்க்க வேண்டும்.

மன்னிப்பிலும் வகை உண்டு. முழு விடுதலை அருமை. பெரும்பாலும் நிபந்தனை: ஆயுளுக்கோ பதினான்கு, ஏழு வருடத்துக்கோ நாடுகடத்தல், பழைய கப்பல்களில் மறியல், யுத்த காலமென்றால் படையில் சேர்தல். 1820களில் மரணதண்டனை பெற்றவர்களில் பத்தில் ஒருவர்கூடத் தூக்கில் ஏறவில்லை, மிச்சப்பேருக்கு இவற்றில் ஒன்றுதான். 1823இற்குப் பிறகு, கொலை தவிர்ந்த வழக்கில், நீதிபதி மரணதண்டனையை வாயால் சொல்லாமல் ஏட்டில் பதிவு மட்டும் செய்துவிடலாம். 'மரணம், பதிவு செய்யப்பட்டது' என்று கண்டால் பதற வேண்டாம், ஆள் பிழைத்தான். 1789இல் ஓல்ட் பெய்லியில் சில பெண்கள் மன்னரின் மன்னிப்பையே வேண்டாம் என்றார்கள். நாடுகடத்தலாகி அவுஸ்திரேலியாவின் சிட்னிக்குப் போவதைவிட முதலில் விதித்த தண்டனையே மேல் என்று மன்றில் நின்று சொன்ன அந்த விவரத்தைத் தளத்தில் அப்படியே வாசிக்கலாம். கட்டாயம் வாசியுங்கள்.

நாடுகடத்தப்பட்டவரைத் தொடர எச்.ஓ. 11 என்ற கப்பல் பதிவேடு இருக்கிறது, 1787இலிருந்து. டிஜிட்டல் பனொப்டிகன் என்ற இலவசத் தளம், 1780 முதல் ஓல்ட் பெய்லியில் தண்டனை பெற்றவர்களின் வழக்கு, மறியல், கப்பல் பதிவுகளை ஒருவருக்கு ஒரு பக்கமாகச் சேர்த்துத் தருகிறது. சிக்கல் பெயரில்தான் வரும். ஜோன் ஸ்மித் என்று தட்டினால் வந்து நிற்பவர்கள் கொஞ்சநஞ்சப் பேரல்ல. பெயரை மட்டும் நம்பாமல் தீர்ப்பு நடந்த நீதிமன்றத்தையும் மாதத்தையும் சேர்த்துப் பாருங்கள். அவனோடு சேர்த்துத் தண்டிக்கப்பட்ட கூட்டாளி இருந்தால் அவன் பெயரையும் அதே பதிவேட்டில் தேடுங்கள். இரண்டு பெயரும் ஒரே நீதிமன்றம், ஒரே திகதி என்று ஒரே கப்பலில் அடுத்தடுத்து நின்றால், அவன்தான் நீங்கள் தேடிய ஸ்மித்.